மதில்களைக் கடந்த வகுப்பறை

பல்கலைக்கழகம் என்றதும் உயர்ந்த மதில்களும் அகன்ற வாயிலும் நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. அவ்வாயிலினுள் நுழைய மதிப்பெண் வேண்டும், பொருள் வேண்டும், பெரும்பாலும் இளமையும் வேண்டும். இவை வாய்க்கப் பெறாதோர் நெடுங்காலம் வெளியேதான் நின்றனர். இன்றோ, புகழ்பெற்ற பேராசிரியர்கள் தம் மாணவர்க்கு ஆற்றும் விரிவுரைகளை ஒலிப்பதிவாகவும் காணொளியாகவும் நம் கைப்பேசியிலேயே கேட்கிறோம், காண்கிறோம். இஃது ஓரிரவில் நிகழ்ந்த அதிசயமன்று. ஒன்றரை நூற்றாண்டு கால முயற்சியின் விளைவு. அம்முயற்சியின் வரலாற்றைப் பின்னோக்கிச் சென்று காண்பது பயனுடையது. ஏனெனில், அன்று எழுந்த வினாக்கள் சில இன்றும் நம் முன் நிற்கின்றன.

1867ஆம் ஆண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்னும் இளைஞர், இங்கிலாந்தின் வடபகுதி நகரங்களுக்குச் சென்று பெண்களுக்கு வானியல் கற்பித்தார். அக்காலத்தில் கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில்லை. 1948இல்தான் அத்தடை முற்றிலும் நீங்கியது. இளைஞர் ஒருவர் இளம் பெண்களிடம் நேரில் வினா எழுப்புவதும் அவர்கள் விடையிறுப்பதும் முறையன்று எனக் கருதிய காலம் அது. எனவே ஸ்டூவர்ட் ஒரு வழி கண்டார். விரிவுரையின் சுருக்கத்தை அச்சிட்டுக் கொடுத்தார். வினாக்களை எழுத்தில் தந்து, விடைகளையும் எழுத்திலேயே பெற்றுத் திருத்தி அனுப்பினார். தொலைநிலைக் கல்வியின் வித்துகளுள் ஒன்று இங்கே ஊன்றப்பட்டது எனலாம்.

பின்னர் அவர் ரோச்டேல் நகரின் கூட்டுறவுத் தொழிலாளரிடையே விரிவுரையாற்றினார். ஒரு நாள், தாம் பயன்படுத்திய விளக்கப் படங்களைக் கழற்றாமல் சுவரிலேயே விட்டுச் சென்றார். அடுத்த முறை வந்தபோது ஒரு செய்தி காத்திருந்தது. தொழிலாளர் பலர் அப்படங்களின் முன் கூடித் தமக்குள் விவாதித்திருந்தனர். கேட்பதற்கு அவர்களிடம் வினாக்கள் நிறைந்திருந்தன. அன்று முதல் விரிவுரையோடு கலந்துரையாடலுக்கும் தனிநேரம் ஒதுக்கப்பட்டது. கேட்பது பாதிக் கல்வி. கேட்டதைப் பற்றி வினவுவதே மறுபாதி என்பதை நூற்பாலைத் தொழிலாளர்கள் பல்கலைக்கழகத்திற்கு உணர்த்தினர்.

1873இல் கேம்பிரிட்ஜ் இம்முயற்சியை முறைப்படி ஏற்றது. நாட்டிங்காம், டெர்பி, லெஸ்டர் ஆகிய நகரங்களில் விரிவாக்க விரிவுரைகள் தொடங்கின. அவற்றால் விளைந்த ஆர்வத்தின் பயனாக நாட்டிங்காமில் 1881இல் ஒரு பல்கலைக் கல்லூரியே எழுந்தது. எனினும் இவ்விரிவுரைகள் இலவசமானவை அல்ல. விரிவுரையாளரின் ஊதியத்தையும் பயணச் செலவையும் அந்தந்த ஊராரே ஏற்க வேண்டியிருந்தது. நார்தம்பர்லாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் இவ்வகுப்புகளைப் பேரார்வத்துடன் வரவேற்றனர். ஆயினும் 1887ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தால் அவர்கள் வருவாயிழந்தபோது வகுப்புகளும் நின்றன. அறிவுப் பசி குறைந்து நின்றதன்று. கையில் காசின்மையால் நின்றது.

ஆசிரியரின் உடல் ஓர் ஊரில்தான் இருக்க இயலும். அவர் குரலோ எங்கும் செல்லக் கூடியது. இவ்வுண்மையை வானொலியும் தொலைக்காட்சியும் மெய்ப்பித்தன. 1963 செப்டம்பரில் கிளாஸ்கோ நகரில் பேசிய ஹரால்டு வில்சன், வான்வழிப் பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவும் திட்டத்தை அறிவித்தார். அவர் பிரதமரானபின் அப்பொறுப்பை ஜென்னி லீ என்னும் அமைச்சரிடம் ஒப்படைத்தார். ஸ்காட்லாந்தில் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளாய்ப் பிறந்தவர் அவர். எதிர்க்கட்சியைச் சேர்ந்த அயன் மெக்லியோடு இத்திட்டத்தை வெறும் பிதற்றல் என இகழ்ந்தார். ஏழைகளுக்கென்று இரண்டாந்தரக் கல்வியை உருவாக்கலாகாது என்பதில் ஜென்னி லீ உறுதியாய் நின்றார். 1969இல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அரச சாசனம் பெற்றது. 1971 ஜனவரியில் பி.பி.சி. வழியாக அதன் முதல் பாடங்கள் ஒளிபரப்பாயின. முன்தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. இல்லத்தரசியரும் தொழிலாளரும் ஆசிரியருமாக முதலாண்டிலேயே இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர்.

இங்கு நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அப்பல்கலைக்கழகம் தொலைக்காட்சியை மட்டும் நம்பியிருக்கவில்லை. அச்சிட்ட பாடநூல்கள் அஞ்சலில் சென்றன. அந்தந்தப் பகுதிகளில் வழிகாட்டும் ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். கோடைக்காலத்தில் மாணவர்கள் ஓரிடத்தில் கூடித் தங்கிப் பயின்றனர். ரோச்டேல் தொழிலாளர் கேட்டுப் பெற்ற அந்தக் கலந்துரையாடல் இங்குப் புதுவடிவம் கொண்டது. பின்னிரவிலும் விடியற்காலையிலும் ஒளிபரப்பான அப்பாடங்களை, பட்டம் நாடாத பொதுமக்களும் கண்டு மகிழ்ந்தனர். 2006 டிசம்பரில் அவ்வொளிபரப்பு முடிவுக்கு வந்தது. அதற்குள் குறுந்தகடுகளும் இணையமும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன.

இணையக் காலத்தின் பெருந்திருப்பம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. இணையவழிக் கல்வியால் பெரும்பொருள் ஈட்டலாம் எனப் பல நிறுவனங்கள் கணக்கிட்டுக்கொண்டிருந்த வேளையில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் தன் வழியை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவோ பாடங்களை விற்பதைவிட இலவசமாக வழங்குவதே நன்று எனப் பரிந்துரைத்தது. 2001 ஏப்ரலில் கழகத்தின் தலைவர் சார்லஸ் வெஸ்ட் அதை உலகுக்கு அறிவித்தார். கணிதப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் வகுப்பறையில் பதிவான நேரியல் இயற்கணித விரிவுரைகள், அதன்பின் உலகெங்கும் எண்ணற்ற மாணவருக்குத் துணையாயின. கரும்பலகை, சுண்ணக்கட்டி, பொறுமையான குரல். இவற்றைத் தவிர அப்பதிவில் அலங்காரம் ஏதுமில்லை. 2023இல் அவர் ஓய்வுபெற்ற பின்னரும் அவ்விரிவுரைகளுக்கு ஓய்வில்லை.

நம் நாடும் பின்தங்கவில்லை. 2003இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் ஏழும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து என்.பி.டெல். என்னும் திட்டத்தைத் தொடங்கின. சென்னை ஐ.ஐ.டி. அதன் ஒருங்கிணைப்பு மையமாயிற்று. நுழைவுத் தேர்வின் கடுமையால் அவ்வளாகங்களை எட்டிப் பார்க்கவும் இயலாத சிற்றூர்ப் பொறியியல் மாணவர்கள், அதே பேராசிரியர்களின் விரிவுரைகளைக் கட்டணமின்றிக் கேட்கலாயினர். விரிவுரைகளைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்த்துத் தரும் பணியும் பின்னர் மேற்கொள்ளப்பட்டது. ஆங்கிலம் என்னும் உள்மதிலையும் அகற்றும் முயற்சி அஃது.

ஆயினும் கதவைத் திறந்ததோடு கடமை முடிந்துவிடுகிறதா? 2012இல் மாசசூசெட்ஸ் கழகம் மின்சுற்றியல் பாடம் ஒன்றை இணையத்தில் அனைவருக்கும் நடத்தியது. பதிவு செய்துகொண்டோர் ஏறத்தாழ 1,55,000 பேர். இறுதியில் சான்றிதழ் பெற்றோர் 7,157 பேர். நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. எனினும் ஒரே பாடத்தில் ஏழாயிரம் பேர் தேறுவது எந்த வகுப்பறைக்கும் எட்டாத செயல் என்பதையும் மறுப்பதற்கில்லை. இடையில் நின்றோருள் தமக்கு வேண்டியதைக் கற்றுக்கொண்டு சென்றோரும் இருப்பர்; ஐயம் தீர்க்க ஆளின்றி அயர்ந்தோரும் இருப்பர். மாசசூசெட்ஸ் கழகமும் ஹார்வர்டும் இலாப நோக்கமின்றித் தொடங்கிய எட்எக்ஸ் அமைப்பின் கல்வித்தளம், 2021இல் 80 கோடி டாலருக்கு ஒரு வணிக நிறுவனத்திடம் விற்கப்பட்டதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

இவற்றினும் ஆழமாக நம் உள்ளத்தைத் தொடும் நிகழ்ச்சி கலிபோர்னியாவில் நடந்தது. பெர்க்லி பல்கலைக்கழகம் தன் வகுப்பறை விரிவுரைகளைப் பல்லாண்டுகளாக ஒலி வடிவிலும் காணொளி வடிவிலும் உலகுக்கு இலவசமாக வழங்கி வந்தது. செவித்திறன் அற்றோர்க்கான கலோடெட் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த இருவர் அவற்றைப் பயன்படுத்த விழைந்தனர். ஆனால் பல பதிவுகளில் பேச்சுக்குரிய எழுத்துவரிகள் இல்லை. இருந்தவற்றிலும் பிழைகள் மலிந்திருந்தன. அவர்களின் முறையீட்டை ஆராய்ந்த அமெரிக்க நீதித்துறை, இது சட்டத்திற்கு மாறானது என 2016இல் அறிவித்தது. எழுத்துவரிகள் சேர்க்கப் பெரும் பொருட்செலவாகும் என்று கருதிய பல்கலைக்கழகம், 2017 மார்ச்சில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுமக்களின் பார்வையிலிருந்தே விலக்கிக்கொண்டது.

அன்று பலர் சினந்தனர். இருவருக்காகப் பல்லாயிரவர் இழப்பதா என்று கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் செவிப்புலன் இழந்தோர், பிறர் கேட்பதைப் பறிக்குமாறு வேண்டவில்லை. தமக்கும் ஓரிடம் தருமாறே வேண்டினர். அவ்வேண்டுகோளுக்கு விடையாகக் கதவையே சாத்துவது தீர்வாகுமா? வேறு வழி உண்டு என்பதைக் காலம் காட்டியது. இதே குறைக்காக வழக்கைச் சந்தித்த ஹார்வர்டு 2019இலும், மாசசூசெட்ஸ் கழகம் 2020இலும் தம் காணொளிகளுக்கு எழுத்துவரிகள் சேர்க்க இசைந்தன. 2022இல் பெர்க்லியும் தன் இணையப் பாடங்களை அனைவரும் பயன்படுத்தத் தக்கவையாக்க நீதித்துறையுடன் உடன்பாடு கண்டது.

வடஇங்கிலாந்துப் பெண்களும், ரோச்டேல் தொழிலாளரும், கலோடெட்டின் இருவரும் பல்கலைக்கழகத்திற்கு வெளியிலிருந்தே குரல் கொடுத்தனர். அவர்கள் கேட்டதனால்தான் எழுத்துவழிப் பாடமும், கலந்துரையாடலும், காணொளியின் எழுத்துவரிகளும் நமக்குக் கிடைத்தன. இன்று எழுத்துவரிகளால் பயன்பெறுவோர் செவித்திறன் அற்றோர் மட்டுமல்லர்; பேராசிரியரின் ஆங்கில ஒலிப்புப் புரியாமல் திகைக்கும் நம் ஊர் மாணவரும் அவற்றைப் படித்தே பாடத்தைப் பின்தொடர்கின்றனர். ஆதலின் இனி ஒரு விரிவுரை இணையத்தில் ஏறும்போது, எத்தனை பேர் அதைக் கண்டனர் என எண்ணுவதோடு நாம் நின்றுவிடலாகாது. யாருக்கு அஃது இன்னும் எட்டவில்லை என்று கேட்டறிவதும், எட்டாதோர் நம் தெருவில் இருப்பின் அருகமர்ந்து விளக்கிச் சொல்வதும் நம்மால் இயன்ற பணிகளே.