நாளைக்கு ஏறும் தினார்: ஒரு நாணயமும் இருபது வருட வதந்தியும்

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து வந்த ஒரு மாமா, எங்களில் ஒருவனுக்கு ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போனார். 25,000 ஈராக்கிய தினார். ஒரு பக்கம் கதிர்க்கட்டோடு ஒரு குர்திஷ் விவசாயப் பெண், மறுபக்கம் ஹம்முராபி மன்னன். "வைச்சிரு தம்பி. ஆர்.வி. வரேக்க விளங்கும்" எண்டார். தன்னிடம் கட்டுக்கட்டாக இருக்காம்.

ஆர்.வி. என்றால் நாணய மறுமதிப்பு. ஒருநாள் காலையில் ஈராக் தன் தினாரின் மதிப்பை மூன்று டொலருக்கு மேல் உயர்த்துமாம். அப்படி நடந்தால் அந்த ஒற்றைத் தாள் எண்பதாயிரம் டொலர். இன்றைய பெறுமதி இருபது டொலருக்கும் குறைவு.

முதலில் நாங்கள் சிரித்தோம். பிறகு வாசிக்கத் தொடங்கினோம். வாசிக்க வாசிக்கச் சிரிப்பு அடங்கிவிட்டது. ஏனென்றால் இந்த வதந்தி வெறும் காற்றில் கட்டியதில்லை. அதன் ஒவ்வொரு கல்லும் உண்மையான வரலாற்றில் இருந்து பெயர்த்து எடுத்தது. கட்டின விதம்தான் பிழை.

மூன்று டொலர் எங்கிருந்து வந்தது?

பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் ஈராக்கில் புழங்கியது இந்திய ரூபாய். 1932 இல் அதற்குப் பதிலாகத் தினார் வந்தது. ஒரு தினார் ஒரு ஸ்ரேலிங் பவுணுக்குச் சமம். 1980களின் தொடக்கத்தில் அதன் உத்தியோகபூர்வ விலை 3.2 டொலர். ஈரானோடு யுத்தம் இழுபட்ட காலத்தில் கறுப்புச் சந்தை விலை அதைவிட எவ்வளவோ கீழே போய்விட்டது. எண்டாலும் "ஒருகாலத்தில் மூன்று டொலர்" என்ற பேச்சு பொய்யில்லை.

1990 ஓகஸ்டில் சதாம் ஹுசைன் குவைத்தைப் பிடித்தார். ஐ.நா. பொருளாதாரத் தடை விதித்தது. பிரித்தானியாவில் அச்சிட்ட நல்ல தாள்கள் வருவது நின்றது. அரசு தரம் குறைந்த தாளில் தானே அச்சடித்துத் தள்ளியது. 1995 அளவில் ஒரு டொலர் வாங்க ஏறத்தாழ 3,000 தினார் தேவைப்பட்டது.

அரசு கைவிட்ட காசு

இதற்குள்ளே ஒரு விசித்திரக் கதை இருக்கு. 1993 மே மாதம் பாக்தாத் அரசு பழைய 25 தினார் தாள்களைச் செல்லாது என்று அறிவித்தது. மாற்றிக்கொள்ளச் சில வாரங்கள்தான் அவகாசம். வடக்கில் இருந்த குர்திஷ் மக்களால் மாற்ற முடியவில்லை. அவர்கள் பழைய தாளையே தொடர்ந்து பாவித்தார்கள். "சுவிஸ் தினார்" என்று அதற்குப் பெயர்.

அந்தத் தாளுக்குப் பின்னால் அரசும் இல்லை, மத்திய வங்கியும் இல்லை. ஆனாலும் அதன் மதிப்பு விழவில்லை; சதாமின் புதுத் தாளுக்கு எதிராக ஏறிக்கொண்டே போனது. சதாம் விழுவார், அடுத்து வரும் ஆட்சி இந்தத் தாளை மதிக்கும் என்ற எதிர்பார்ப்பு வலுக்க அதன் விலையும் வலுத்தது. கடைசியில் அதுதான் நடந்தது. 2003 ஒக்டோபர் 15 முதல் 2004 ஜனவரி 15 வரை புதிய தினார் மாற்றிக் கொடுக்கப்பட்டபோது, சதாம் தினாருக்கு ஒன்றுக்கு ஒன்று. சுவிஸ் தினாருக்கு ஒன்றுக்கு 150.

அதாவது, அதே நாட்டில் நம்பிக்கை ஒருமுறை வென்றிருக்கிறது. ஆனால் ஒரு முக்கிய காரணத்தை மறக்கக் கூடாது. சுவிஸ் தினாரை இனி யாராலும் புதிதாக அச்சடிக்க முடியாது. இருப்பது அவ்வளவுதான். 2003க்குப் பிறகு வந்த தினாருக்கு அந்த எல்லை இல்லை.

வதந்தி பிடித்த கைப்பிடிகள்

2003இல் ஈராக்குக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் புதுத் தாள்களை நினைவுப் பொருளாகவும் முதலீடாகவும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். விற்கும் கடைகள் முளைத்தன. பிறகு "குரு"க்கள் வந்தார்கள். பேரே அதுதான். இந்த வாரம், இந்தச் செவ்வாய்க்கிழமை, நாளை விடியற்காலை என்று தொலைபேசிக் கூட்டங்களில் நாள் குறித்தார்கள்.

அவர்கள் காட்டிய ஆதாரங்களைப் பாருங்கள். ஒன்று, 2003 மே மாதம் ஜோர்ஜ் புஷ் கையெழுத்திட்ட 13303 ஆம் இலக்க ஆணை. ஆணை உண்மை. ஆனால் அது ஈராக்கின் எண்ணெய்ப் பணத்தை வழக்குகளில் இருந்து காப்பதற்கானது. தினார் வாங்கச் சொல்லி அதில் ஒன்றுமில்லை. இரண்டு, குவைத். "யுத்தத்துக்குப் பிறகு குவைத் தினார் ஏறியதே, வாங்கினவன் கோடீஸ்வரன் ஆனானே" என்பார்கள். 1991 மார்ச்சில் குவைத் புதுத் தாள் வெளியிட்டு, பழைய மதிப்புக்குத் திரும்பியது. ஈராக் கொள்ளையடித்துக்கொண்டு போன தாள்களைச் செல்லாததாக்கியது. அது புதிதாக ஏறவில்லை, இருந்த இடத்துக்கு வந்தது. மூன்று, மூன்று பூச்சியங்களை நீக்கும் திட்டம். ஈராக் மத்திய வங்கி இதைப் பல வருடங்களாகப் பேசுகிறது. துருக்கி 2005இல் ஆறு பூச்சியங்களை வெட்டியது. பத்து இலட்சம் லீரா வைத்திருந்தவருக்குக் கிடைத்தது ஒரு லீரா. பணக்காரர் ஆகவில்லை, எண்ணுவது சுகமானது, அவ்வளவுதான்.

நிபந்தனைகளும் இருந்தன. "ஐ.நா. பிடியில் இருந்து ஈராக் விடுபடட்டும், அப்ப பாருங்கோ" என்றார்கள். 2013 ஜூனில் குவைத் தொடர்பான கட்டுப்பாடுகள் தளர்ந்தன. "குவைத்துக்கான நட்டஈடு முடியட்டும்" என்றார்கள். 52.4 பில்லியன் டொலர் கட்டி முடிந்து, 2022 பெப்ரவரியில் பாதுகாப்புச் சபை அந்தக் கோப்பை மூடியது. நிபந்தனை நிறைவேறும், தினார் அசையாது, புது நிபந்தனை வரும்.

கணக்குப் பார்த்தவர்கள்

நம்பியவர்கள் நடுவிலேயே சந்தேகக்காரர்களும் ஆரம்பத்தில் இருந்தே இருந்தார்கள். அவர்கள் சொன்னது எளிய பெருக்கல். ஈராக்கில் புழங்கும் தினார் 50 ட்ரில்லியனுக்கும் மேல். ஒன்று மூன்று டொலர் என்றால் 150 ட்ரில்லியன் டொலர். உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் உற்பத்தி செய்வது ஏறத்தாழ 100 ட்ரில்லியன். ஈராக் எங்கே இருந்து கொடுக்கும்?

இந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. கேட்டவருக்கு "எதிர்மறை ஆள்" என்ற பட்டம்தான் வந்தது. பொய்த்த நாளுக்கும் விளக்கம் தயார்: "கடைசி நிமிஷத்தில் தடுத்துப்போட்டாங்கள்." சேமிப்பைப் போட்டவருக்கு, சந்தேகக்காரன் சொல்வதை ஏற்பது என்பது இழப்பை ஏற்பது. அது லேசான காரியமில்லை.

இலாபம் பார்த்தது யார்? அட்லாண்டாவில் இருந்த ஒரு விற்பனை நிறுவனம் 600 மில்லியன் டொலருக்கும் அதிகமாகத் தினார் விற்றது. ஆர்.வி. நெருங்கிவிட்டது என்று பேச ஆளுக்குக் காசும் கொடுத்தது. அதை நடத்தியவர்களை 2018இல் அமெரிக்க நீதிமன்றம் குற்றவாளிகளாகக் கண்டது.

உண்மையில் வந்த ஆர்.வி.

பகிடி என்னவென்றால், ஆர்.வி. உண்மையிலேயே வந்தது. 2003 ஒக்டோபரில் டொலருக்குச் சுமார் 2,000 ஆக இருந்த தினார், 2008 முடிவில் 1,170 அளவுக்கு வலுத்தது. பணவீக்கத்தை அடக்க மத்திய வங்கி செய்த வேலை அது. பிறகு 2020 டிசம்பரில், எண்ணெய் விலை விழுந்து சம்பளம் கொடுக்கக் காசில்லாமல், அரசு தினாரை 1,450க்கு இறக்கியது. 2023 ஜனவரியில் சந்தையில் தினார் இன்னும் சரிய, பாக்தாத் மக்கள் மத்திய வங்கிக்கு முன்னால் திரண்டார்கள். அடுத்த மாதம் அரசு அதை 1,300க்கு உயர்த்தியது. பத்து வீதம் சொச்சம். கனவு கண்டவர்களுக்கு அது கணக்கிலேயே வரவில்லை.

ஆனால் பாக்தாத்தில் மாவும் எண்ணெயும் வாங்கப் போனவருக்கு அந்தப் பத்து வீதம் பெரிய விஷயம். 2022இல் 200 ரூபா டொலர் சில வாரங்களில் 360 ஆனபோது எங்கட வீடுகளில் என்ன நடந்தது என்று யோசித்தால் இது விளங்கும். நாணயத்தின் விலை என்பது ஒரு நாட்டுச் சனத்தின் சாப்பாட்டுத் தட்டு. தூரத்தில் இருந்து தாளை அடுக்கி வைத்திருப்பவரின் கனவில் அந்தத் தட்டு இல்லை. இருபது வருட ஆர்.வி. பேச்சில் எங்களை மிகவும் உறுத்தியது அதுதான்: எல்லாரும் இருக்கிறார்கள், ஈராக்கியர் மட்டும் இல்லை.

அந்தத் தாள் இப்ப எங்கள் புத்தக அலுமாரியில் இருக்கு. மாமா அடுத்தமுறை கோல் எடுக்கும்போது அந்தப் பெருக்கல் கணக்கைச் சொல்லப்போகிறோம். சிரிக்காமல் சொல்லவேணும் என்று முடிவெடுத்திருக்கிறோம்.