ஜீப்பில் ஏறிய வானொலி நிலையம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு ஒரு ஜீப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். மலைப்பாதை வளையத் தொடங்கியதும் உங்கள் சட்டைப்பையிலுள்ள கைபேசியின் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையலாம். ஒரு வளைவில் முழுதும் மறைந்தும் போகலாம். கைபேசிக்கும் அதன் கோபுரத்துக்கும் நடுவே ஒரு குன்று வந்து நின்றால் போதும், பேச்சு அறுந்துவிடும். ஆனால் ஓட்டுநருக்கு அருகில் உட்கார்ந்திருப்பவர் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. கையில் ஒரு சிறு மைக். எதிரே தடித்த அகராதி அளவில் ஒரு கருவி. வண்டியின் பின்புறம் ஆடிக்கொண்டே வரும் ஒற்றைக் கம்பி. அவர் தம் அழைப்புக் குறியைச் சொல்லி, அதனுடன் ‘மொபைல்’ என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்கிறார். எங்கிருந்தோ ஒருவர் பதில் தருகிறார்.

இவர் ஓர் அமெச்சூர் வானொலியர், பேச்சுவழக்கில் ‘ஹாம்’. தேர்வு எழுதி, அரசின் உரிமம் பெற்று, ஊதியமின்றி, வாணிப நோக்கமின்றி வானலைகளில் பேசுபவர். அவர் கையிலுள்ள கருவி அனுப்பவும் வாங்கவும் வல்லது, டிரான்சீவர் என்பார்கள். இதற்குப் பழைய பெயர் கம்பியில்லாத் தந்தி. பெயரில் கம்பி இல்லையே தவிர, இதை ஒரு வண்டியில் ஏற்றிப் பாருங்கள், தொல்லையெல்லாம் கம்பியில்தான் வரும்! பாட்டரிக்கு ஒரு கம்பி, எர்த்துக்கு ஒரு கம்பி, ஏரியலுக்கு ஒரு கம்பி. இந்த மூன்றையும் சரியாக இணைக்கக் கற்றுக்கொள்ள உலகத்துக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையைத்தான் போகிற வழியில் பேசப் போகிறோம்.

முதலில் நாம் ஏறும் மலையைப் பற்றி ஒரு சொல். கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒரு பகுதி கல்வராயன் மலை. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு கூறுகள். இங்கு வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைத்துவிட வேண்டாம், மலையை ஆள்பவர் என்பதே பொருள். மூன்று ஜாகிர்தார்களின் கீழிருந்த இம்மலை, நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்து, 1976இல்தான் ஜாகிர் முறை ஒழிந்து அரசின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல். சிற்றூர்கள் முகடுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் சிதறிக் கிடக்கின்றன. பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணைக் கீழே கொண்டுவர வேண்டும், பாதையில் மண் சரிந்துவிட்டது என்றால், சேதி போவதுதான் முதல் வேலை.

இனி 1899ஆம் ஆண்டுக்குச் செல்வோம். தென்னாப்பிரிக்காவில் போயர் போர். மார்க்கோனியின் கருவிகளுடன் ஆறு பொறியாளர்கள் அங்கே போய் இறங்கினார்கள். போர்க்களத்துக்குக் கம்பியில்லாத் தந்தி சென்றது அதுவே முதல் தடவை. உயரமான கம்பங்கள் கிடைக்கவில்லை. மூங்கில்களைச் சேர்த்துக் கட்டினார்கள். காற்று வீசிய நாளில் பட்டம் விட்டு அதன் நூலுக்குப் பதிலாகக் கம்பியைக் கட்டினார்கள். புழுதிப் புயலும் இடிமின்னலும் படுத்தின. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வறண்ட மண் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள மறுத்தது. சில மாதங்களில் தரைப்படை இதைக் கைவிட்டது. அதே கருவிகளைக் கடற்படை எடுத்துக் கப்பல்களில் பொருத்தியதும் அவை நன்றாக வேலை செய்தன!

கருவியில் குறை இல்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. ஒரு கை தட்டினால் ஓசை வராது. ஏரியல் ஒரு கை என்றால் எர்த் மறு கை. ஏரியலில் ஏறி இறங்கும் மின்னோட்டத்துக்கு ஈடாக அடியில் ஒரு மின்னோட்டம் ஓட வேண்டும். உப்புக் கடல் அதற்கு நல்ல தளம். காய்ந்த மண் மோசமான தளம். ஓடும் வண்டிக்கோ எந்த மண்ணும் இல்லை. ரப்பர் டயரின் மேல் நிற்கிறது. 1901இல் மார்க்கோனி ஒரு நீராவி வண்டியின் கூரையில் உருளை வடிவான ஏரியலைப் பொருத்திச் சோதனை செய்தார். ஓடும்போது அதைச் சாய்த்து வைத்துக்கொள்வார்கள்.

இன்று நம் ஜீப்பில் எர்த் எது? அதன் இரும்பு உடல்தான். ஆனால் வண்டியின் உடல் ஒரே இரும்புத் துண்டு என்று எண்ணிவிடாதீர்கள். பானெட் கீல்களில் தொங்குகிறது. சைலன்சர் குழாய் ரப்பர் வளையத்தில் ஆடுகிறது. இடையே பெயின்ட், துரு, கிரீஸ். ஆகவே பானெட், கதவு, குழாய், சேசிஸ் எல்லாவற்றையும் பின்னல் செம்புப் பட்டையால் ஒன்றோடொன்று இணைக்கிறார்கள். பெயின்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சிடும் இடத்தில் திருகுகிறார்கள். இதை வீண் வேலை என்று நினைப்பவர் பலர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 42 மீட்டர். அதற்கேற்ற கால் அலை ஏரியல் பத்தரை மீட்டர் உயரம் நிற்க வேண்டும். அதை ஜீப்பில் நட்டால் முதல் புளியமரத்திலேயே மாட்டிக்கொள்ளும். எனவே இரண்டரை மீட்டர் கம்பியை வைத்து, குறையும் நீளத்துக்கு ஈடாக ஒரு செம்புச் சுருளைச் சேர்க்கிறார்கள். இக்குட்டைக் கம்பியின் கதிர்வீச்சுத் தடை ஓம் கணக்கில் ஒன்றரைக்கும் குறைவு. எர்த்திலும் சுருளிலும் உள்ள தடையோ பத்து, பதினைந்து ஓம் ஆகிவிடும். 100 வாட் செலுத்தினால் பத்து வாட்டுகூட வானத்துக்குப் போகாது. மிச்சமெல்லாம் சூடாகப் போய்விடும். பட்டைக் கம்பி ஒவ்வொன்றும் அந்தச் சேதத்தைக் கொஞ்சம் குறைக்கிறது.

நம் நாட்டில் இந்தப் பொழுதுபோக்கு 1921இல் தொடங்கியது. அமரேந்திர சந்திர குப்தா என்பவர் ‘2 ஜேகே’ என்ற குறியுடன் முதலில் வானலைக்கு வந்தார். ஈராண்டு கழித்து முகுல் போஸ், ‘2 எச்கியூ’. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவி ஒலிபரப்பையும் தொடங்கினார். பணமுடையால் 1927இல் அது நின்றது. அதன் 200 வாட் ஒலிபரப்பியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரலிலிருந்து அதைத் தொடர்ந்து நடத்தியது.

1939இல் உலகப் போர் மூண்டதும் அமெச்சூர்கள் தங்கள் ஒலிபரப்பிகளை ஒப்படைக்குமாறு ஆணை வந்தது. எல்லாரும் ஒப்படைத்துவிடவில்லை என்பது வேறு விஷயம். 1942 ஆகஸ்டில், தலைவர்கள் சிறையிலிருந்தபோது, பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் காங்கிரஸ் வானொலியைத் தொடங்கினார்கள். கருவியை அமைக்க உதவியவர் நரிமன் பிரிண்டர் என்ற அமெச்சூர். போலீசார் மோப்பம் பிடிக்காதிருக்க நிலையத்தை வீடு வீடாக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நவம்பரில் பிடிபடும் வரை அது ஒரு நகரும் நிலையமாகவே இருந்தது எனலாம். அதன் அலைநீளம் 42.34 மீட்டர். முந்நூறை அதால் வகுத்துப் பாருங்கள்: 7.09 மெகாஹெர்ட்ஸ். நம் ஜீப்பில் இருப்பவர் இன்று பேசுவதும் அதே பட்டையில்தான்.

வண்டிக்குள் வானொலியை நிலையாகக் குடியேற்றியவர்கள் அமெரிக்கப் போலீசார். 1928இல் டெட்ராய்ட் நகரக் கார்களில் ஏற்பிகள் மட்டும் பொருத்தப்பட்டன. உத்தரவு காதில் விழும். பதில் சொல்ல வேண்டுமானால் காரை நிறுத்தித் தொலைபேசியைத் தேட வேண்டும். 1933இல் நியூ ஜெர்சியின் பயோன் நகரில்தான் இரு வழிப் பேச்சு வந்தது. அக்காலக் கருவிகள் வால்வில் இயங்கின. வால்வுக்கு இருநூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். காரில் இருந்ததோ ஆறு வோல்ட். அழைப்பு மணியைப் போல விடாது அதிர்ந்து மின்னோட்டத்தைத் துண்டித்துத் துண்டித்து இணைக்கும் ‘வைப்ரேட்டர்’, ஒரு மின்மாற்றி, பெரிய கருவிகளுக்கு ஒரு சுழல் மின்னாக்கி: இவ்வளவும் காலடியில் இரைந்துகொண்டிருந்தன.

அதைவிடப் பெரிய இரைச்சல் எஞ்சினிலிருந்து வந்தது. ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் மின்காந்த அலையை எப்படி உண்டாக்கினார்? ஓர் இடைவெளியில் தீப்பொறியைத் தாவவிட்டுத்தானே? பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கும் அதையேதான் செய்கிறது, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை. ஒவ்வொரு காரும் தன்னை அறியாமலே ஓர் ஒலிபரப்பி! பிளக்கின் கம்பியில் தடைகளைச் செருகியும், டைனமோவில் மின்தேக்கி வைத்தும் அதை அடக்கினார்கள். 1940 வாக்கில் டேனியல் நோபிள் கனெக்டிகட் மாநிலப் போலீசுக்காக வடிவமைத்த கருவிகள் அதிர்வெண் பண்பேற்ற முறையைக் கையாண்டன. தீப்பொறிக் கரகரப்பு பெரும்பாலும் அடங்கியது. நமது டீசல் ஜீப்பில் ஸ்பார்க் பிளக்கே இல்லை. அந்த வகையில் நாம் பாக்கியசாலிகள். ஆனால் ஆல்டர்னேட்டரின் சிணுங்கல் உண்டு. இக்காலத்தில் புதிதாக ஒரு வில்லனும் சேர்ந்திருக்கிறான்: கைபேசிக்கு மின்னேற்றும் சிறு குமிழ். அதைப் பிடுங்கினாலே பாதி இரைச்சல் போய்விடுவதைப் பலர் கண்டிருக்கிறார்கள்.

டிரான்சிஸ்டர் வந்ததும் உயர்ந்த வோல்ட் தேவை ஒழிந்தது. பாட்டரியிலிருந்து நேரே மின்னோட்டம் எடுக்கலாம். ஆனால் புதுத் தொல்லை! பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனைதான் உடலோடு சேர்க்கப்பட்டிருந்தது. முனை மாற்றி இணைத்தால் வால்வுக் கருவி சில சமயம் பிழைக்கும். டிரான்சிஸ்டர் கருவி கண்ணிமைக்கும் நேரத்தில் கருகிவிடும். பல லாரிகளிலும் பேருந்துகளிலும் 24 வோல்ட் இருப்பதும் இங்கே நினைவிருக்கட்டும். அங்கே வோல்ட் குறைக்கும் கருவி தேவை.

வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடும் அல்லவா? 100 வாட் கருவி பேசும்போது ஏறத்தாழ 20 ஆம்பியர் இழுக்கும். வீட்டுக்கு ஒயரிங் செய்யும் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை எடுத்து, போக நான்கு மீட்டர், வர நான்கு மீட்டர் இழுத்தால் அதன் தடை 0.09 ஓம். இருபதால் பெருக்குங்கள்: 1.8 வோல்ட் கம்பியிலேயே தொலைந்தது. எஞ்சின் நின்றிருக்கும்போது பாட்டரியில் 12.6 வோல்ட் என்றால் கருவிக்குக் கிடைப்பது 10.8. பல கருவிகள் 11.7க்குக் கீழே ஒழுங்காக வேலை செய்யா. ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கு மங்கி, பேச்சு உடையும். இதை எழுதுபவனும் ஒரு காலத்தில் சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகிப் பேசி, குறை கருவியில்தான் என்று அதைக் கழற்றிப் போட்டவன்! 6 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் நிற்கும்.

கம்பி நேரே பாட்டரிக்குப் போக வேண்டும். பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வேண்டும். இல்லையேல், வழியில் கம்பியின் தோல் உராய்ந்து உடலைத் தொட்டால் வண்டி தீப்பற்றும். எதிர்முனைக் கம்பியிலும் ஃபியூஸ் எதற்கு என்று கேட்பீர்கள். பாட்டரியையும் எஞ்சினையும் இணைக்கும் தடித்த பட்டை ஒருநாள் தளர்ந்துவிட்டது என்று கொள்ளுங்கள். சாவியைத் திருகியதும் ஸ்டார்ட்டர் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட ஓட்டம் திரும்பிச் செல்ல வழி தேடும். வானொலியின் மெல்லிய கம்பிதான் அதற்குக் கிடைக்கும்! பாட்டரியின் நிலையை அளக்கும் உணர்வி எதிர்முனையில் அமைந்த புது வண்டிகளில், அந்தக் கம்பியைப் பாட்டரியின் பட்டை உடலில் சேரும் இடத்தில் இணைப்பதே முறை. காற்றுப்பை வெடித்து விரியும் இடத்தில் கருவியைப் பொருத்தக் கூடாது என்பதும் புது வண்டிகளுக்கான எச்சரிக்கையே.

பேசிக்கொண்டே மேலே வந்துவிட்டோம். 145 மெகாஹெர்ட்ஸில் பேசினால் அரை மீட்டர்க் கம்பி போதும். அது கூரையின் நடுவில் நிற்கட்டும். இவ்வலை ஏறக்குறைய ஒளியைப் போல நேர்கோட்டில் செல்வது. ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.1ஆல் பெருக்கினால் அதன் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். கள்ளக்குறிச்சிச் சாலையில் இரண்டு மீட்டர் உயரத்தில் நிற்கும் ஏரியலுக்கு ஆறு கிலோமீட்டர்தான். சமவெளியிலிருந்து 600 மீட்டர் உயர்ந்த முகட்டில் அதே ஜீப் நின்றால் நூறு கிலோமீட்டர்! நடுவில் மறைப்பு இல்லாவிட்டால் விழுப்புரம் எட்டிவிடும். ஆனால் ஜீப் பள்ளத்தாக்கில் இறங்கியதும் எல்லாம் போயிற்று.

அங்கே கைகொடுப்பது 7 மெகாஹெர்ட்ஸ். பகலில் அந்த அலையை ஏறத்தாழ செங்குத்தாக அனுப்பினால், முந்நூறு கிலோமீட்டர் அளவு உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டு, குடையிலிருந்து நீர் வழிவது போலச் சுற்றிலும் இறங்கும். எந்த மலை குறுக்கே நின்றால் என்ன? 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபோது அந்தமானின் போர்ட் பிளேரில் பாரதி பிரசாத்தும் குழுவினரும் அமெச்சூர் நிலையம் நடத்திக்கொண்டிருந்தார்கள். தொலைபேசிகள் ஊமையாகிப் போன அந்நாட்களில் தீவிலிருந்தோரின் சேதிகள் தாய்நாட்டுக்கு வந்து சேர்ந்தது இத்தகைய சிற்றலைகளின் வழியேதான்.

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு பள்ளத்தில் வண்டி நிற்கிறது. நம் நண்பர் குட்டைக் கம்பியை நம்பாமல் இறங்குகிறார். மின்கம்பிகள் அருகில் உண்டா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு, இருபது மீட்டர்க் கம்பியை நடுவில் இரண்டாகப் பிரித்து, மரத்துக்கு மரம் நைலான் கயிற்றால் கட்டுகிறார். இப்போது எர்த்தும் வேண்டாம். கம்பியின் ஒரு பாதிக்கு மறுபாதியே துணை. எஞ்சினை நிறுத்தச் சொல்கிறார். கைபேசியின் மின்னேற்றியைப் பிடுங்குகிறார். இரைச்சல் அடங்குகிறது. கொஞ்ச நேரம் வெறுமனே கேட்கிறார். யாரோ இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மூச்சு விடும் இடைவெளிக்காகக் காத்திருந்து, மைக்கின் பொத்தானை அழுத்துகிறார்.