மவ்சிம்: முஅல்லிம்களின் கணக்கும் கடலின் வெப்பமும்

'வஸம' என்னும் அரபு வினைக்கு அடையாளமிடுதல் என்பது பொருள். அதிலிருந்து பிறந்த 'மவ்சிம்' என்ற சொல், இன்ன செயலுக்கு உரியது என்று ஆண்டில் குறிக்கப்பட்ட காலத்தைச் சுட்டும். ஹஜ்ஜுக்குரிய நாட்களும் மவ்சிம். அறுவடைக் காலமும் மவ்சிம். இந்தியப் பெருங்கடலில் கலம் செலுத்திய அரபுக் கடலோடிகள், ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்குப் பாய் விரிக்கத் தக்க நாட்களை இச்சொல்லால் குறித்தனர். போர்த்துக்கீசியர் அதனைத் தம் நாவுக்கேற்பத் திரித்துக்கொள்ள, ஆங்கிலத்தில் அது 'மான்சூன்' ஆயிற்று. நாளைக் குறித்த சொல் காற்றைக் குறிக்கலாயிற்று; இன்று நம் செய்தித்தாள்களில் மழையையே குறிக்கிறது. நாள், காற்று, மழை ஆகிய மூன்றுக்கும் அடியில் நான்காவதாக ஒன்று உண்டு. அது கடல்நீரின் வெப்பம். நம் முன்னோரின் கடல்நூல்களை அந்த வெப்பத்தின் துணைகொண்டு வாசித்தால் என்ன கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் நாட்டம்.

கலத்தை வழிநடத்துபவரை அரபுகள் 'முஅல்லிம்' என்றழைத்தனர். மதரஸாவில் பாடம் சொல்பவருக்கும் இதே பெயர்தான். தமிழில் இச்சொல் 'மாலுமி' என வழங்குகிறது. இத்தகைய முஅல்லிம்களுள் தலையாயவர் இப்போதைய ராஸ் அல்-கைமாவின் பகுதியான ஜுல்ஃபாரில் பிறந்த அஹ்மத் இப்னு மாஜித். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுதிய 'கிதாபுல் ஃபவாயித்' பன்னிரண்டு பகுதிகளைக் கொண்டது. அவற்றுள் பதினொன்றாவது முழுவதும் மவ்சிம்கள் பற்றியது. வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டி இந்தியாவைக் காட்டிக்கொடுத்தவர் என்ற பெயர்தான் இவருக்கு நம்மிடையே எஞ்சியிருக்கிறது. பின்னாளில் மக்காவின் வரலாற்றாசிரியர் குத்புத்தீன் அந்நஹ்ரவாலீ எழுதிய ஒரு குறிப்பிலிருந்து பரவிய கதை அது. போர்த்துக்கீசிய ஆவணங்களோ அந்த வழிகாட்டியைக் குஜராத்தி என்கின்றன. ஆய்வாளர் பலரும் கைவிட்டுவிட்ட அக்கதையை நாம் இன்னும் மேடைகளில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பதினொன்றாம் பகுதியைத் திறந்து பார்ப்போர் மிகச் சிலரே. மற்றொரு சாரார், கடலைப் பற்றிய இறைவசனங்களுக்குள் நவீனக் கடலியல் முழுவதையும் தேடிக் கண்டெடுக்க முயல்கின்றனர். அவ்வசனங்கள் சிந்திக்க அழைப்பவை. அழைப்பை ஏற்றுக் கடலில் இறங்கியவர்களின் உழைப்பைப் படிப்பது அதைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து.

அந்த உழைப்பின் தன்மையை நாட்கணக்கில் காணலாம். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ பதினொரு நாட்கள் குறைவு. ஆகவே ஹிஜ்ரி மாதங்கள் எல்லாப் பருவங்களிலும் சுற்றிவரும். நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் பிறையைப் பார்த்த முஅல்லிம், பாய் விரிக்கும்போது பாரசீகரின் நைரூஸ் எனும் ஆண்டுப் பிறப்பிலிருந்து நாட்களை எண்ணினார். நைரூஸின் இத்தனையாவது நாளில் ஏதனிலிருந்து புறப்படலாம், இத்தனையாவது நாளுக்குப் பிறகு புறப்படலாகாது என்பதே அவர்களின் நடை. இந்த நைரூஸ் ஆண்டுக்கு 365 நாட்களே, மிகுநாள் கிடையாது. ஆகவே நான்காண்டுக்கு ஒரு நாள் வீதம் அது பின்னோக்கி நகரும். கி.பி. 632இல் ஜூன் மாதம் வந்த நைரூஸ், இப்னு மாஜித் காலத்தில் நவம்பர் நடுப்பகுதிக்கு வந்துவிட்டிருந்தது. எனவே தந்தையின் அட்டவணை மகனுக்கு அப்படியே உதவாது. தலைமுறைதோறும் திருத்த வேண்டும். திருத்துவதற்கு அவர்கள் நம்பிய நிலையான அளவுகோல்களுள் ஒன்று கடல். நாட்காட்டி நழுவினாலும் கடல் தன் முறையில் தவறாது என்பது அவர்களின் அனுபவம்.

அந்த முறை இதுதான்: குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து வீசும் காற்று 'அஸ்யப்', கோடையில் தென்மேற்கிலிருந்து வீசுவது 'கவ்ஸ்'. கவ்ஸ் உச்சம் பெறும் ஜூன், ஜூலை மாதங்களை 'கல்குல் பஹ்ர்', கடல் அடைப்பு என்றனர். திசை இந்தியாவுக்கு உகந்ததாயினும் வேகம் கலத்தை உடைக்கும். மலபார்த் துறைகளோ அலையால் மூடிக்கிடக்கும். அடைப்புக்குச் சற்று முன்னும், அது தளர்ந்த பின்னும் வரும் சில வாரங்களே வாணிபத்தின் உயிர்நாடி. அதைத் தவறவிட்டவரின் நிலைக்கு அப்துர் ரஸ்ஸாக் ஸமர்கந்தீ சான்று. தைமூரிய மன்னர் ஷாருக்கின் தூதராகக் கோழிக்கோட்டுக்குப் புறப்பட்ட அவர், 1442இல் ஹுர்முஸில் தாமதமாகி, மவ்சிமின் கடைசி நாட்களில் கடலில் இறங்கினார். பயணம் தொடர முடியாமல் உமான் கரையிலேயே கோடையைக் கழிக்க நேர்ந்தது. நோயுற்றார்; உடன்வந்த சகோதரரையும் இழந்தார். அடைப்பு நீங்கிய பின் கல்ஹாத்தில் ஏறிய கலம் பதினெட்டே நாட்களில் அவரைக் கோழிக்கோட்டில் சேர்த்தது.

காற்று மட்டுமன்றி, நம் கரையோர மீனவர் 'நீவாடு' என்று கூறும் நீரோட்டமும் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுவதை அரபு நூலோர் அறிந்திருந்தனர். கோடையில் கடல் வடகிழக்கு நோக்கியும் குளிர்காலத்தில் தென்மேற்கு நோக்கியும் ஓடுவதை ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலேயே இப்னு குர்தாத்பிஹ் பதிவுசெய்துள்ளார். ஸீராஃப், உமான் கடலோடிகளுடன் ஆப்பிரிக்கக் கரைவரை சென்று, ஹி. 304இல் கன்பலூவிலிருந்து உமான் திரும்பிய அல்-மஸ்ஊதீ, பாரசீகக் கடல் கொந்தளிக்கும் காலத்தில் இந்தியக் கடல் அமைதியாயிருக்கும் என்றும், இதன் மறுதலையும் உண்மை என்றும் எழுதினார். அட்லாண்டிக்கின் வளைகுடா நீரோட்டம் ஆண்டு முழுவதும் ஒரே திசையில் ஓடுவது. அதையே இலக்கணமாகக் கொண்டிருந்த ஐரோப்பியக் கடலியலார், பருவத்துக்குப் பருவம் புரளும் சோமாலி நீரோட்டத்தை விரிவாக அளந்தது 1959 முதல் 1965 வரை நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின்போதுதான். இந்த ஆய்வின் தொடர்ச்சியாகவே, இன்று கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் 1966இல் அமைந்தது.

அளந்தபோது வெளிப்பட்டது வியப்புக்குரியது. கோடை உச்சத்தில் இந்நீரோட்டம் வினாடிக்கு மூன்றரை மீட்டர் வேகத்தையும் எட்டுகிறது. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒரு பாய்க்கலத்தின் வேகத்துக்கு இது குறைந்ததன்று. அதைவிட வியப்பு, அந்தக் கடுங்கோடையில் கடல் குளிர்ந்துவிடுவது. ஏப்ரல், மே மாதங்களில் அரபிக் கடலின் பெரும்பகுதி 29, 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கிடக்கிறது. கவ்ஸ் தொடங்கியதும் நிலை மாறுகிறது. பூமியின் சுழற்சியால், வட கோளத்தில் காற்று தள்ளும் மேல்நீர் காற்றின் வலப்புறமாக விலகும். சுவீடன் நாட்டு எக்மன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை விளக்கினார். சோமாலியா, உமான் கரைகளை ஒட்டியே காற்று வீசுவதால் மேல்நீர் கரையைவிட்டு நடுக்கடலுக்கு நகர, அவ்விடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. சோமாலியக் கரையில் நீரின் வெப்பம் 20 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. அதே நாட்களில் வங்காள விரிகுடா 28 பாகையில் நிற்கும். ளுஃபாரின் மலைகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பனிமூட்டமும் தூறலும் நிலவுவது இக்குளிர்நீரின் மீது ஈரக்காற்று தவழ்ந்து வருவதால்தான். உமானியர் அப்பருவத்தை 'கரீஃப்' என்பர். நம் வேளாண் துறையினர் 'காரிஃப் பருவம்' என எழுதுவதும் அதே அரபுச் சொல்லே.

அப்படியாயின் அவ்வளவு வெப்பமும் எங்கே சென்றது? ஒரு பகுதி நீராவியாகி, கவ்ஸின் தோளேறி, மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையாக இறங்குகிறது. மற்றொரு பகுதியை நீரோட்டமே கொண்டுபோகிறது. வட இந்தியப் பெருங்கடலுக்கு ஒரு குறை உண்டு: அதன் வடக்கு வாசலை ஆசியக் கண்டம் அடைத்துவிட்டது. பிற பெருங்கடல்கள் தம் வெப்பத்தைத் துருவத்தை நோக்கி இரு புறமும் அனுப்பலாம். இதற்குத் தெற்கு ஒன்றே வழி. கோடையில் மேல்நீர் நிலநடுக்கோட்டைக் கடந்து தெற்கே செல்ல, ஆழத்துக் குளிர்நீர் வடக்கே வருகிறது. குளிர்காலத்தில் இது தலைகீழாகும். உச்சத்தில் இவ்வாறு கடக்கும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றரை பெட்டாவாட் என மதிப்பிடப்பட்டுள்ளது. இன்று உலக மக்கள் அனைவரும் பயன்படுத்தும் ஆற்றல் முழுவதையும்போல் எழுபது மடங்குக்கு மேல்! கடலின் மேல் மூன்று மீட்டர் நீரே வளிமண்டலம் முழுவதற்கும் ஈடான வெப்பத்தைத் தாங்கவல்லது என்பதை நினைத்தால் இக்கணக்கு மலைப்பூட்டாது.

நம் சோழமண்டலக் கரைக்கும் இதில் பங்குண்டு. அஸ்யப் வீசும் மாதங்களில், கங்கையும் பிற ஆறுகளும் கொட்டிய உப்புக் குறைந்த வங்கக்கடல் நீர் இக்கரையை ஒட்டித் தெற்கே இறங்கி, இலங்கையைச் சுற்றி, குமரிக்கு மேற்கே அரபிக் கடலில் புகுகிறது. எடை குறைந்த அந்நீர் மேலேயே மெல்லிய படலமாய் நின்று கீழ்நீருடன் கலவாதிருப்பதால், மார்ச் முதல் அடிக்கும் வெயில் முழுவதும் அதிலேயே தங்குகிறது. மே மாதத்தில் கேரளத்துக்கு மேற்கே உருவாகும் வெப்பக் குளத்துக்கு இது ஒரு காரணம் என்று கோவா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் விளக்கியுள்ளனர்.

முஅல்லிம்களிடம் வெப்பமானி இருக்கவில்லை. வெப்பத்தை அவர்கள் காரணமாகக் கூறவுமில்லை. விளைவுகளை நாள் தவறாமல் குறித்தார்கள். அக்குறிப்பு பயன்பட்டதற்குக் காரணம், கடல் தன் வெப்பத்தைச் சேர்த்ததும் செலவிட்டதும் ஏறக்குறைய ஒரே முறையில் நடந்துவந்ததே. இப்போது ஐயத்துக்கு உள்ளாகியிருப்பது அதுதான். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சராசரியாக ஒரு பாகை சூடேறியுள்ளதாக இந்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. புவியில் மிகுந்துவரும் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடல்களே விழுங்குகின்றன. நீரோட்டங்கள் அதனைப் பகிர்ந்தளிக்கும் முறையும் ஆண்டுக்கு ஆண்டு பிறழ்வதுண்டு. சில ஆண்டுகளில் மேற்கே ஆப்பிரிக்கக் கரை வழக்கத்தைவிடச் சூடேற, கிழக்கே சுமத்ரா ஓரம் குளிர்கிறது. 1999இல் இருமுனை நிலை எனப் பெயரிடப்பட்ட இது 2019இல் மிகக் கடுமையாக நிகழ்ந்தது. கிழக்கு ஆப்பிரிக்கா வெள்ளத்தில் மூழ்கியது. ஆஸ்திரேலியா வறண்டு எரிந்தது. அரபிக் கடலில் 'கியார்', 'மஹா' என இரு கடும்புயல்கள் ஒரே நேரத்தில் சுழன்றன.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு, 2007 ஜூன் தொடக்கத்தில், 'கோனு' புயல் உமானின் கிழக்கு முனையைத் தாக்கி, ஏறத்தாழ ஐம்பது உயிர்களைப் பறித்தது. மிகுதியாகச் சேதமுற்ற ஊர்களில் குரையாத்தும் ஸூரும் உண்டு. ஸமர்கந்தீ மவ்சிமைத் தவறவிட்டுக் காத்துக்கிடந்த கரை அது. ஜூன் என்பது முஅல்லிம்களின் கணக்கில் கடல் அடைப்புக் காலம். அவர்களுடைய கலம் ஒன்றுகூட அந்நாளில் வெளியே இருந்திராது. 'கியார்' வந்த அக்டோபரோ பாய் விரிக்கலாம் என்று அவர்கள் குறித்துவைத்த மாதம்.