அறுபத்து நான்காம் ஆண்டுச் சூறாவளியும் ஒரு பழைய படமும்

இந்த நூற்றாண்டு மலருக்குப் பழைய படங்கள் வேண்டுமென்று வீடு வீடாகக் கேட்டுப் போனபோது, மூத்த அக்காமார் பலரும் எமக்குத் தந்த பதில் ஒன்றுதான்: "அதெல்லாம் அறுபத்து நாலாம் ஆண்டுச் சூறாவளியோட போயிட்டுது." தப்பியவற்றுள் ஒன்று, எமது பாடசாலையில் நடந்த கைவேலைக் கண்காட்சியின்போது எடுத்த படம். தண்ணீரில் ஊறி முகங்கள் வெண்திட்டுகளாகிவிட்டன. பின்புறத்தில் யாரோ பென்சிலால் எழுதிவைத்த பெயர்கள் மட்டும் வாசிக்கக்கூடியனவாக இருக்கின்றன. மை கரையும், பென்சிற்கரி தண்ணீரில் கரையாது. அந்தக் கண்காட்சியில் வைத்த பின்னற் பெட்டிகளிலும் தையல் வேலைகளிலும் ஒன்றுகூட இன்று எம்மிடம் இல்லை.

அந்தச் சூறாவளியை நேரில் கண்டவர்கள் குறைந்து வருகிறார்கள். 1964 டிசெம்பர் நடுப்பகுதியில் அந்தமான் கடலிலே தாழமுக்கமாகத் தோன்றி, 22ஆம் திகதி இலங்கையின் வடபகுதியைக் கடந்தது. திருகோணமலையும் மன்னாரும் பெரிதும் பாதிக்கப்பட்டன. அதே சூறாவளிதான் அக்கரையில் தனுஷ்கோடியை அழித்து, பயணிகளோடு ஒரு ரயிலையும் கடலுக்குள் இழுத்தது. உடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் திருத்தி ரயில் விட்டார்கள் என்பது இன்றும் பெருமையாகப் பேசப்படுகிறது. பாலத்துக்கு அது முடியும். புதிய இரும்பு போட்டாலும் அது அதே பாலந்தான். கண்காட்சிக்கூடத்துக்குப் புதிய கூரை போடலாம். உள்ளே இருந்தவற்றை எங்கிருந்து கொண்டுவருவது?

இதற்கு விடை சொல்லக்கூடிய ஊர் எங்கள் ஊர் என்றே நினைக்கிறோம். 1624இல் போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தாந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களால் கோட்டை கட்டினான். அப்படிச் செய்தவனே அங்கிருந்த கல்வெட்டுக்குப் பிரதி எடுப்பித்துப் போர்த்துக்கல்லுக்கும் அனுப்பினான். கோட்டை வாசலில் இரட்டைக் கயலோடு நிற்கும் கல்லை, வெள்ளிக்கிழமைகளில் மலைக்குப் போகும்போது நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் எழுத்துகள் தேய்ந்து சிதைந்து போயின. ஆய்வாளர்கள் அதை வாசிக்க முயன்றபோது, இடித்தவன் அனுப்பிய பிரதியையும் துணைக்குக் கொள்ள வேண்டியிருந்தது.

பின்னர் 1950இல் நகரசபைத் தொழிலாளர் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி ஆகிய திருவுருவங்கள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. மூன்று ஆண்டுக்குள், 1953இல், வைத்திய கலாநிதி வ. பாலேந்திரா 'தமிழ் கல்ச்சர்' சஞ்சிகையில் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் சுழியோடிக் கடலுக்குள் கிடந்த தூண்களைக் கண்டு படமெடுத்தார்கள். 1963 மார்ச் 3ஆம் திகதி கும்பாபிஷேகம் நடந்தது. அதற்கு இரண்டு வருடம் ஆகுமுன்னரே சூறாவளி வந்தது. அது வருமுன்னரே அந்த உருவங்களின் விபரம் அச்சில் ஏறி வேறு நாட்டு நூலகங்களுக்கும் போயிருந்தது என்பதை நினைக்கும்போது இப்போதும் ஓர் ஆறுதல்.

இதையே ஒரு முழு நூதனசாலையின் அளவில் காண வேண்டுமானால், எங்களைப் போலவே துறைமுகத்தால் வாழ்ந்த காலிக்குப் போகவேண்டும். சீனத் தளபதி செங் ஹே 1409இல் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியில் பொறித்த கல் கிடைத்த ஊர் அது. அங்கே ஒல்லாந்தர் பண்டகசாலையில் 1992இல் கடல்சார் நூதனசாலை திறக்கப்பட்டது. அதே காலத்தில் குடாவின் அடித்தளத்தையும் ஆராயத் தொடங்கினார்கள். அப்படிக் கிடைத்த கப்பல்களுள் ஒன்று 'அவொண்ட்ஸ்டர்'. ஆங்கிலேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்த கப்பல். பாக்கு ஏற்றித் தென்னிந்தியக் கரைக்குப் போக இருந்த நிலையில், 1659 யூலை 2ஆம் திகதி கரையோரமாகவே மூழ்கியது.

2001 முதல் அதை அகழ்ந்தவர்கள், இந்நாட்டில் தொல்லியல் பயின்ற இளம் பட்டதாரிகள். அவர்களுக்குச் சுழியோடப் பழக்கி, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தாரும் மேற்கு அவுஸ்திரேலியக் கடல்சார் நூதனசாலையினரும் கூட நின்றார்கள். நீருக்கடியில் அளந்து வரைவதற்குப் பிளாஸ்டிக் தாளும் சாதாரணப் பென்சிலுமே கருவி. மேலே வந்த மரத்தையும் கயிற்றையும் உடனே உலரவிடக் கூடாது. உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். நன்னீரில் இட்டு, நீரை மாற்றி மாற்றி, மாதக்கணக்கில் உப்பை இறக்கவேண்டும்.

2004 டிசெம்பர் 26 காலை வந்த ஆழிப்பேரலை இங்கே கிண்ணியாவையும் மூதூரையும் அடித்த நாளில் காலி நூதனசாலையையும் அடித்தது. கடலிலிருந்து பாடுபட்டு எடுத்த பொருள்களில் பலவற்றைக் கடலே திரும்பக் கொண்டுபோனது. ஆனால் அகழ்வின் முதல் அறிக்கை 2003இலேயே ஆம்ஸ்டர்டாமில் அச்சாகியிருந்தது. எது எங்கே, எந்த அளவில் கிடைத்தது என்பது அதில் இருந்தது. மீண்டும் கூடத்தை ஒழுங்குபடுத்தியவர்கள் வெறுங்கையோடு தொடங்கவில்லை. நெதர்லாந்தின் உதவியோடு 2010 மார்ச்சில் கதவு திறந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் எடுத்தது நீண்ட காலம் என்று அப்போது குறைப்பட்டோரும் உண்டு. உப்பை அவசரப்படுத்த முடியாது என்பதை அறிந்தவர்கள் குறைப்படமாட்டார்கள்.

எங்கள் துறைமுகத்திலும் ஒல்லாந்தர் காலத்துக் கட்டடமொன்று கடற்படையினரால் நூதனசாலையாக்கப்பட்டிருக்கிறது. கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் எமது பிள்ளைகள் அங்கே போய் வரலாம். வீட்டுப் பெட்டிகளில் இருப்பவற்றுக்கோ நாமே பொறுப்பு. அதனால்தான் நூற்றாண்டையொட்டிப் பாடசாலையில் வைக்கும் வரலாற்று அறைக்கு, அலுமாரி வாங்குமுன் ஒரு பதிவேட்டை வாங்கினோம். வரும் ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கம், தந்தவர் பெயர், வருடம், ஒரு படம். பதிவேட்டின் பிரதிகள் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள சகோதரிகளிடம் இருக்கும்.

படங்கள் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தால் பிரித்து இழுக்காதீர்கள், வெயிலிலும் போடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் சிறிது நேரம் ஊறவைத்து மெல்லப் பிரித்து, முகப்பு மேலே இருக்க நிழலில் காயவிடுங்கள். நீண்ட காலத்துக்கு முன்னரே காய்ந்து ஒட்டியவற்றை அப்படியே கொண்டுவாருங்கள்.

கண்காட்சிப் படத்துக்குப் பதிவேட்டில் இலக்கம் 1 கொடுத்திருக்கிறோம். படத்தில் நிற்பவர்கள் ஆறு பேர், பின்புறத்தில் பெயர்கள் ஐந்து. இடமிருந்து மூன்றாவதாக, கையில் பனையோலைப் பெட்டியோடு நிற்பவர் யாரென்று அறிந்தவர்கள் சங்கத்துக்கு எழுதுங்கள்.