கனகா ஏன் முதலில் வந்தாள்?

போடிநாயக்கனூர் பக்கத்து ராசிங்காபுரத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு மூன்று பெண்கள் வேலைக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். கமலா, கவிதா, கனகா. அகராதி வரிசை இதுதான். ‘ன’ கடைசி மெய்யாச்சே!

இந்தப் பெயர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கச் சொல்லுங்கள். கனகா முதலில் வந்து நிற்பாள்.

புரோகிராம் எழுதிய பையனைத் திட்டாதீர்கள். தப்பு, அதற்கு ரொம்ப முன்னால் எழுதின ‘ஸ்பெக்’கில் இருக்கிறது. ஸ்பெக் என்றால், வீடு கட்டுமுன் கொத்தனாரிடம் கொடுக்கிற பிளான் மாதிரி. என்ன வேண்டும், எப்படி வேண்டும் என்று எழுதி வைப்பது.

1988-இல் மத்திய அரசின் மின்னணுத் துறை, இந்திய மொழிகளுக்கெல்லாம் சேர்த்து ‘இஸ்கி’ என்ற ஒரே அட்டவணை போட்டது. நோக்கம் நல்லதுதான்: ஒரு லிபியிலிருந்து இன்னொன்றுக்குச் சுலபமாக மாறலாம். ஆனால் வரிசை தேவநாகரியுடையது. 1991-இல் வந்த யூனிகோட் அதையே பின்பற்றியது. விளைவைப் பாருங்கள். ‘க’வுக்கு எண் 2965, ‘ங’வுக்கு 2969. நடுவில் மூன்று காலி நாற்காலிகள், நம்மிடம் இல்லாத எழுத்துகளுக்காக! ‘ன’வை ‘ந’வுக்கு அடுத்து உட்காரவைத்து 2985 கொடுத்தார்கள். ‘ம’ 2990, ‘வ’ 2997. கனகா முந்திக்கொண்ட ரகசியம் இதுதான்.

நாம் என்ன செய்தோம்? 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்இணையம் 99’ மாநாடு நடந்தது. தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ என்று சொந்தத் தரங்களை அறிவித்தது. அதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. ஒரு தடவை கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் விதி. 2010-இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது. மாற்றாக, ஒவ்வொரு எழுத்துக்கும் தனி இடம் தரும் ‘டேஸ் 16’-ஐயும் வைத்துக்கொண்டது. அகராதி வரிசைக்கு இன்று தனி விதி எழுதியிருக்கிறார்கள். அதைச் சேர்த்தால் கனகா தன் இடத்துக்குப் போய்விடுவாள். சேர்க்க மறந்தால் பழைய கதைதான்.

சரி, ஸ்பெக் எழுதுவது யார் பொறுப்பு? எழுதுகிறவன் கேட்க வேண்டும். தெரிந்தவன் நேரத்தில் சொல்ல வேண்டும். இங்கே வரிசை தெரிந்தவர்கள் உரக்கப் பேசியபோது அட்டவணை அச்சாகிவிட்டிருந்தது.

அடுத்த தடவை கம்ப்யூட்டர்காரர் ‘உங்களுக்கு என்ன வேணும்?’ என்று கேட்டால், ‘நீங்களே பார்த்துப் போடுங்க’ என்று மட்டும் சொல்லாதீர்கள். உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள்.