திறனா, தொழிலா? இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓட்டுநர் உரிம வகைப்பாட்டின் வரலாறு (1914–2024)

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவில் ஓட்டுநர் உரிமம் வாகன வகைகளின் அடிப்படையில் வழங்கப்படுகிறது. இவ்வகைப்பாடு ஓட்டுநரின் திறனை மட்டுமே அளக்கும் கருவியாக இருந்ததில்லை. ஊதியத்திற்கு ஓட்டுபவர் யார், வாகனம் எதற்குப் பயன்படுகிறது, விபத்து நேர்ந்தால் இழப்பீடு தருபவர் யார் என்னும் வினாக்களும் அதனுள் இடம்பெற்றுவந்தன. 1914 முதல் 2024 வரையிலான சட்டங்களையும் தீர்ப்புகளையும் முன்வைத்து இக்கட்டுரை அவ்வரலாற்றை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஓட்டுநர் உரிமம், இலகுரக மோட்டார் வாகனம், போக்குவரத்து வாகனம், காப்பீடு, இழப்பீடு.

முன்னுரை

ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு கார்களில் ஒன்று வெள்ளை எண்பலகையுடன் சொந்தப் பயன்பாட்டிற்கு ஓடுகிறது. மற்றொன்று மஞ்சள் எண்பலகையுடன் வாடகைக்கு ஓடுகிறது. இரண்டிற்கும் எஞ்சின் ஒன்று, எடை ஒன்று, ஓட்டும் முறையும் ஒன்று. ஆயினும் முதலாவதை ஓட்ட உரிமம் பெற்றவர் இரண்டாவதை ஓட்டலாமா என்னும் வினா உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு வரை சென்றது. வாகனத்தின் இயல்பைக் கொண்டு வகுப்பதா, அதன் பயன்பாட்டைக் கொண்டு வகுப்பதா என்பதில் சட்டம் நெடுங்காலம் தெளிவின்றி இருந்ததே இதற்குக் காரணம்.

தொடக்ககாலச் சட்டங்கள்

1914ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம், மாகாணங்கள் தனித்தனியே இயற்றிய விதிகளுக்குப் பின் நாடு முழுமைக்கும் பொதுவாக வந்த சட்டமாகும். உரிமமின்றிப் பொது இடத்தில் வாகனம் ஓட்டுவதை அது தடுத்தது. உரிமமற்ற ஒருவரை ஓட்ட அனுமதிப்பதும் குற்றம் என்று உரிமையாளரையும் அது கட்டுப்படுத்தியது.

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதனினும் விரிவானது. அதன் 3ஆம் பிரிவு ஊதியம் பெறும் பணியாளராக ஒருவர் வாகனம் ஓட்டுவதற்கு உரிமத்திலேயே தனி அனுமதி வேண்டும் என்றது. தன் காரைத் தானே ஓட்டுபவரையும், அதே காரைச் சம்பளத்திற்கு ஓட்டுபவரையும் அது வேறு வேறாகக் கண்டது. இங்கு வேறுபாடு வாகனத்தில் இல்லை. ஓட்டுபவரின் தொழில்நிலையில் இருந்தது. உரிம வகைப்பாட்டில் திறனும் தொழிலும் தொடக்கத்திலேயே கலந்துவிட்டன என்பதற்கு இதுவே முதற்சான்று.

இச்சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் மூன்றாம் தரப்பினருக்கான காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இது 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முறையான உரிமம் இல்லாதவர் வாகனத்தை ஓட்டக் கூடாது என்பதைக் காப்பீட்டு ஒப்பந்தத்தின் நிபந்தனையாக வைக்கவும், அது மீறப்பட்டால் பொறுப்பை மறுத்து வாதிடவும் நிறுவனங்களுக்குச் சட்டம் இடமளித்தது. அதன்பின் உரிமத்திலுள்ள வகைக்குறிப்பு காவல்துறையின் சோதனைக்குரிய ஒன்றாக மட்டும் இருக்கவில்லை. விபத்தில் இறந்தவரின் குடும்பத்திற்கு யார் பணம் தருவது என்பதைத் தீர்மானிக்கும் ஆவணமாகவும் அது மாறியது.

1988: எடையும் பயன்பாடும்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ‘ஊதியம் பெறும் பணியாளர்’ என்னும் பாகுபாடு அதன் 3ஆம் பிரிவில் இல்லை. போக்குவரத்து வாகனத்தை ஓட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும் என்னும் விதி மட்டும் தொடர்ந்தது. 10ஆம் பிரிவு உரிமத்திற்குரிய வகைகளைப் பட்டியலிட்டது: கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், கியர் உள்ள மோட்டார் சைக்கிள், மாற்றுத்திறனாளிகளுக்கான வாகனம், இலகுரக மோட்டார் வாகனம், நடுத்தரச் சரக்கு வாகனம், நடுத்தரப் பயணியர் வாகனம், கனரகச் சரக்கு வாகனம், கனரகப் பயணியர் வாகனம், சாலை உருளை, குறித்துரைக்கப்பட்ட பிற வாகனம்.

இப்பட்டியலில் நடுத்தர, கனரக வாகனங்கள் சரக்கு, பயணியர் எனப் பிரிக்கப்பட்டுள்ளன. இலகுரக வாகனம் அவ்வாறு பிரிக்கப்படவில்லை. காரணம் 2ஆம் பிரிவின் 21ஆம் உட்பிரிவில் உள்ளது. குறிப்பிட்ட எடைக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனமும் இலகுரக மோட்டார் வாகனமே என்று அவ்வரையறை வெளிப்படையாகக் கூறுகிறது. எனவே 1988ஆம் ஆண்டின் மூலச் சட்டத்தில் சிறு சரக்கு வாகனத்திற்குரிய இடம் இலகுரக வகைக்குள்ளேயே இருந்தது.

1994: எளிமையால் விளைந்த சிக்கல்

1994ஆம் ஆண்டின் 54ஆம் சட்டம் மேற்கூறிய நான்கு நடுத்தர, கனரக வகைகளை நீக்கி, அவற்றின் இடத்தில் ‘போக்குவரத்து வாகனம்’ என்னும் ஒரே வகையை அமைத்தது. இது 1994 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. நடைமுறைகளை எளிமையாக்குவதே நோக்கம். அதே திருத்தம் இலகுரக வாகனத்தின் எடை வரம்பை 6,000 கிலோவிலிருந்து 7,500 கிலோவாக உயர்த்தியது. ஆனால் அவ்வரையறையில் இருந்த ‘போக்குவரத்து வாகனம்’ என்னும் சொல்லை நீக்கவில்லை.

இதனால் ஒரே சொல் இரண்டு இடங்களில் நின்றது. தமிழ்நாட்டில் ‘குட்டி யானை’ என்று வழங்கும் சிறு சரக்கு வாகனம் எடையால் இலகுரக வாகனம். பயன்பாட்டால் போக்குவரத்து வாகனம். வகை மாறினால் தகுதிகளும் மாறின. போக்குவரத்து வாகனத்திற்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகுரக உரிமத்துடன் ஓராண்டு கழிந்திருக்க வேண்டும். மருத்துவச் சான்று வேண்டும். உரிமம் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் வேண்டியிருந்தது. இக்கல்வித்தகுதி 2019இல் நீக்கப்பட்டது. அவ்வாண்டின் திருத்தச் சட்டம் உரிமக் காலத்தை ஐந்து ஆண்டுகளாக்கியது.

நீதிமன்றங்களில் வகைப்பாடு

இச்சிக்கல் பெரும்பாலும் வெளிப்பட்ட இடம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களே. ஓட்டுநரிடம் இலகுரக உரிமம் இருந்தும், போக்குவரத்து வாகனத்திற்கான மேற்குறிப்பு இல்லை என்று காட்டிக் காப்பீட்டு நிறுவனங்கள் பொறுப்பை மறுத்தன. அம்மறுப்பு ஏற்கப்பட்டால் இழப்பீட்டுச் சுமை உரிமையாளர் மீதும் ஓட்டுநர் மீதும் விழும். ஒற்றை வண்டியை நம்பி வாழும் ஒருவரிடமிருந்து அத்தொகையைப் பெறுவது பாதிக்கப்பட்ட குடும்பத்திற்கு எளிதன்று.

உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளும் ஒருமித்து அமையவில்லை. சரக்குப் பெட்டி இணைக்கப்பட்டதனாலேயே டிராக்டர் ஓட்டும் உரிமம் பயனற்றுப் போகாது என்று 2001இல் அது கூறியது. நிபந்தனை மீறப்பட்ட நிலையிலும் காப்பீட்டு நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் செலுத்திவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் மீட்டுக்கொள்ள நீதிமன்றம் பணிக்கலாம் என்னும் வழியை 2004இல் மூன்று நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது. உரிமப் படிவங்கள் 2001 மார்ச் 28இல் திருத்தப்படுவதற்கு முன் இலகுரக உரிமம் இலகுரகச் சரக்கு வாகனத்தையும் உள்ளடக்கியது என்று 2008இல் ஒரு தீர்ப்பு கூறியது. அத்தேதிக்குப் பிந்தைய நிலை வேறு என்பது அதன் உட்பொருள். ஒரு படிவத்தின் சொல்மாற்றம் சட்டத்தின் வரையறையை மாற்றுமா என்னும் வினா அதனுடன் எழுந்தது.

2017 ஜூலை 3 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கு விடையளித்தது. 1994ஆம் ஆண்டின் திருத்தம் நடுத்தர, கனரக வகைகளை மட்டுமே ஒன்றாக்கியது; இலகுரக வகையிலிருந்து எதையும் வெளியேற்றவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். அதனைப் பின்பற்றுமாறு மத்திய அரசு 2018 ஏப்ரலில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. எனினும் சட்டத்தின் சில பிரிவுகள் அத்தீர்ப்பில் கருதப்படவில்லை என்னும் ஐயத்தின் பேரில் 2022 மார்ச்சில் இவ்வினா மீண்டும் பேரமர்வின் முன் வைக்கப்பட்டது.

2024ஆம் ஆண்டின் தீர்ப்பு

2024 நவம்பர் 6 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அரசியல் சாசன அமர்வு ஒருமித்த தீர்ப்பை வழங்கியது. அதனை எழுதியவர் நீதிபதி ஹிருஷிகேஷ் ராய். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தை இலகுரக உரிமம் உடையவர் கூடுதல் அனுமதியின்றி ஓட்டலாம் என்றும், போக்குவரத்து வாகனத்திற்குரிய சிறப்புத் தகுதிகள் அவ்வெடைக்கு மேற்பட்டவற்றுக்கே பொருந்தும் என்றும் அது விளக்கியது. இலகுரக உரிமம் பெற்றோர் போக்குவரத்து வாகனம் ஓட்டுவதால் விபத்துகள் மிகுகின்றன என்பதற்குத் தரவு எதுவும் முன்வைக்கப்படவில்லை என்பதையும் தீர்ப்பு சுட்டியது. மின் ரிக்‌ஷா, அபாயகரமான பொருள்களை ஏற்றும் வாகனம் போன்றவற்றுக்கான தனி விதிகள் தொடர்ந்தன.

எடை கூடக் கூட நிறுத்தும் தொலைவும் திரும்பும் ஆரமும் ஓட்டுநரின் பார்வைக்கு மறையும் பகுதியும் மாறுகின்றன. எண்பலகையின் நிறம் மாறுவதால் இவை மாறுவதில்லை. அவ்வகையில் இத்தீர்ப்பு வகைப்பாட்டைத் திறனுக்கு அருகில் கொண்டுவந்தது. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பிறரைக் கட்டணத்திற்கு ஏற்றிச்செல்பவரிடம் உடல்நலச் சான்று கேட்பது நியாயமானதே. அது திறனைப் பற்றியதன்று; பொறுப்பைப் பற்றியது. போக்குவரத்து வாகன ஓட்டுநர்கள் அணிய வேண்டிய அடையாள வில்லை குறித்து விதி செய்யும் அதிகாரத்தை 28ஆம் பிரிவு மாநிலங்களுக்கு அளிக்கிறது. தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் அதனைப் ‘பேட்ஜ்’ என்பர். பொறுப்பு சார்ந்த நிபந்தனைகளை உரிம வகையுடன் பிணைக்காமல் தனியே வைக்க இயலும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

முடிவுரை

1939இல் ஊதியமும், 1988இல் எடையும் பயன்பாடும், 1994க்குப் பின் நீதிமன்றங்களில் காப்பீட்டுப் பொறுப்பும் உரிம வகைப்பாட்டின் பொருளைத் தீர்மானித்தன. நான்கு வகைகளை ஒன்றாக்கிய ஒரு திருத்தத்தின் பொருள் ஐயமறத் தெளிவாக முப்பது ஆண்டுகள் ஆயின. அவ்விடைவெளியில் அத்தெளிவின்மையின் விலையைத் தந்தவர்கள் சட்டத்தை வரைந்தவர்கள் அல்லர். சிறு வாகன ஓட்டுநர்களும் இழப்பீட்டுக்காகக் காத்திருந்த குடும்பங்களுமே. ஓட்டுநரின் தகுதியை உயர்த்துவதற்கான நிபந்தனைகள் எவையாயினும், அவற்றின் குறைபாடு விபத்தில் பாதிக்கப்பட்டவரின் உரிமையைக் குறைக்கும் காரணமாகாதவாறு வகுக்கப்பட வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்துவது.