ஐம்பதும் அறுபதும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியார் தங்கள் மின்சாரத்துக்கு வினாடிக்கு 60 சுழற்சி என்றும், ஜெர்மனியில் ஏ.இ.ஜி. கம்பெனியார் 50 சுழற்சி என்றும் வகுத்துக்கொண்டபோது, பின்னொரு தலைமுறையில் சிறுவர் ஆடும் வீடியோ கேமின் வேகத்தைத் தாங்கள் நிர்ணயிக்கிறோம் என்று அவர்களில் ஒருவரும் கனவிலும் கருதியிருக்க நியாயமில்லை. தொலைக்காட்சி பிறந்த காலத்தில், திரையை வினாடிக்கு எத்தனை முறை வரைவது என்ற பிரச்னைக்கு அந்தந்தத் தேசத்து மின்சாரமே விடை சொல்லிற்று. இரண்டும் ஒத்துப் போகாவிடின் மின்சாரத்தின் சலனம் பட்டைகளாக ஊர்ந்து படத்தைக் கெடுத்துவிடும். ஆகவே அமெரிக்கா 525 வரிகளையும் 60 ஹெர்ட்ஸையும், ஐரோப்பா 625 வரிகளையும் 50 ஹெர்ட்ஸையும் கைக்கொண்டன. ஜப்பானின் கதை விசித்திரமானது: ஜெர்மன் ஜெனரேட்டர்கள் வந்திறங்கிய டோக்கியோ பக்கம் 50, அமெரிக்க ஜெனரேட்டர்கள் வந்திறங்கிய ஒஸாகா பக்கம் 60 என்று மின்சாரம் இன்றளவும் இரு கூறாக இருக்க, தொலைக்காட்சி மட்டும் தேசம் முழுவதும் அமெரிக்க முறையையே தழுவியது.

1983இல் நின்டெண்டோவின் ஃபாமிகாமும், 1988இல் சேகாவின் மெகா டிரைவும் ஆகிய வீடியோ கேம் கருவிகள் அந்த ஜப்பானிலேயே உதித்தன. திரை ஒருமுறை வரையப்பட்டால் கதாநாயகன் ஓரடி நகர்வான் என்பதே அக்காலத்து விளையாட்டுகளின் பொது இலக்கணமாதலால், 60க்கென எழுதப்பட்டதை ஐரோப்பாவின் 50இல் ஓட்டியபோது வேகத்தில் ஆறில் ஒரு பங்கு குறைந்தது. அதிவேகத்தையே தன் கீர்த்தியாகக் கொண்ட ‘சோனிக்’ (1991) என்னும் விளையாட்டு ஐரோப்பாவில் தளர்ந்த நடையோடு ஓடியது. திரையின் மேலும் கீழும் கரும்பட்டைகள் நிற்க, படம் அமுங்கியும் தெரிந்தது. விளையாட்டை ஆக்கியோர் 50க்கேற்பக் கணக்கைத் திருத்தி எழுதியிருக்கலாம். மிகச் சிலரே திருத்தினர். இதை நான் சோம்பல் என்றே சொல்வேன். ஐரோப்பியச் சிறுவர்களோ அதுவே இயல்பான வேகம் என்று நம்பி மகிழ்ந்திருந்தார்கள்.

ஆயினும் விதி அவர்களுக்கு ஓர் ஈடும் செய்தது. பிரான்ஸில் 1980 முதல் விற்கப்பட்ட தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு ஸ்கார்ட் என்னும் இணைப்பு கட்டாயமாயிற்று. அதன் வழியே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பிகளில் பயணம் செய்து, கலங்காத வண்ணமாகத் திரையை அடைந்தன. அமெரிக்க வீடுகளிலோ வண்ணமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் நெருக்கியடித்து வந்தன. வேகம் சரியாயிருந்த நாட்டில் வண்ணம் குழம்பிற்று; வண்ணம் தெளிந்த கண்டத்தில் வேகம் குன்றிற்று.

இவ்விரண்டு குறைகளையும் ஒருங்கே நீக்கவல்ல சாதனம் அக்காலத்திலேயே இருந்தது. ஆனால் சிறுவர் கைக்கு எட்டாத தொலைவில், ஒளிபரப்பு நிலையங்களில் இருந்தது. 1968இல் டிரினிட்ரான் படக்குழாயை வெளியிட்ட சோனி நிறுவனம், அதன் அடிப்படையில் பி.வி.எம்., அதனினும் உயர்ந்த ‘பிராட்காஸ்ட்’ ரகம் என்று தொழில்முறையாளர்க்கான மானிட்டர்களைச் செய்தது. எந்தத் தேசத்து ஒளிநாடா வந்தாலும் காட்டியாக வேண்டிய ஸ்டூடியோவில் ஒரே முறையை அறிந்த பெட்டி எதற்கு உதவும்? மூன்று வண்ணங்களும் தனிக்கம்பிகளில் வந்துவிட்டால், தேசங்களின் வண்ண முறைகளுக்கிடையேயுள்ள வழக்கே எழுவதில்லை. எஞ்சுவது வரிக்கணக்கு, அதிலும் அமெரிக்க முறையில் வினாடிக்குச் சுமார் 15,734 வரிகள், ஐரோப்பிய முறையில் 15,625 வரிகள். நூற்றில் ஒரு பங்குகூட வேற்றுமையில்லை! மாறுபட்ட இரு உலகங்கள் என்று கருதப்பட்டவை படக்குழாயின் கணக்கில் அண்டை வீட்டாராகவே இருந்தன.

2009இல் அமெரிக்காவிலும் 2011இல் ஜப்பானிலும் பழைய ஒளிபரப்பு முறை ஓய்வுபெற, ஸ்டூடியோக்கள் கழித்துக்கட்டிய மானிட்டர்கள் ரசிகர்களின் அறைகளுக்கு இடம்பெயர்ந்தன. இவற்றில் தெரியும் கூர்மையே விளையாட்டுகளை வரைந்த ஓவியர்களின் நோக்கம் என்று சாதிப்போருடன் எனக்கு உடன்பாடில்லை. சோனிக்கின் நீர்வீழ்ச்சி நெருக்கமான கோடுகளால் வரையப்பட்டது. வீட்டுப் பெட்டியின் மங்கலில் கோடுகள் கலந்து நீர் கண்ணாடிபோல் ஊடுருவித் தோன்றும், மானிட்டரிலோ வெறுங் கோடுகளாகவே நிற்கும்.

இப்பழைய விளையாட்டுக் கருவிகளையும் மானிட்டர்களையும் தேடிப் பெறும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: ஜப்பானிய விளையாட்டுக் கருவியின் அடாப்டர் 100 வோல்ட்டுக்கு உரியது, நம் 230இல் நேரே செருகாதீர்கள், ஜப்பானிய 21 முனை இணைப்பு ஸ்கார்ட்டைப் போலவே இருப்பினும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறு, ஆகையால் இரண்டில் எது என்று கேட்டு நிச்சயித்துக்கொண்ட பின்பே மாட்டுங்கள்.